துவக்குப் பிடங்கும் ஒரு தச்சரும்

விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, எதனை எழுதுவதென்று சில நாட்கள் தயங்கினோம். எம்முடன் பயின்ற நண்பர்கள் ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றியும் துடுப்பாட்ட வெற்றிகளைப் பற்றியும் எழுதுவர். நாமோ ஒரு துவக்கைப் பற்றி எழுதத் துணிந்தோம். கலைமகள் வாழும் இடத்தில் படைக்கலத்துக்கு என்ன வேலை என வினவும் அன்பர்கள், ஆயுத பூசையை நினைந்து எம்மைப் பொறுத்தருள்வாராக.

நாம் பிறந்தது உடப்புசல்லாவையில். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை ஆகிய ஊர்களைத் தாண்டிச் சென்றால் வரும் தேயிலை மலை அது. எம் தந்தையார் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் தச்சர். கொழுந்து வாட்டும் தட்டுகளையும் தேயிலைப் பெட்டிகளையும் செப்பனிடுவது அவர் தொழில். எழுதப் படிக்க அறியார். ஆனால் மரத்தின் மனத்தை அறிந்தவர்.

எமக்குப் பத்து வயதாயிருந்தபோது, 1958 ஆம் ஆண்டில், தோட்டத்துக்குப் புதிதாக வந்த துரை ஒரு பழைய றைபிளைத் தந்தையாரிடம் கொடுத்தனுப்பினார். முன்னிருந்த வெள்ளைக்காரத் துரை விட்டுச் சென்றது அது. அவர் இலங்கைத் தோட்டத் துரைமார் றைபிள் படையில் இருந்தவர். ஐரோப்பியத் துரைமாருக்கென 1900 ஆம் ஆண்டில் தொடங்கிய அப்படை 1949 இல் கலைக்கப்பட்டது. துவக்கோ லீ-என்பீல்ட் வகை. கதவின் தாழ்ப்பாளைப் போல இழுத்துத் தள்ளிச் சுடுவது. வேட்டைக்கென முன்மரம் குறைக்கப்பட்ட மலிவான உருப்படி. லயத்து மரக்கறித் தோட்டங்களைப் பன்றிகள் அழித்து வந்த காலம் ஆதலால் துரைக்கு அது தேவைப்பட்டது. அவர் சொன்ன குறைகள் மூன்று. பிடங்கு நீளம், முன்கட்டையில் வெடிப்பு, ரவைக்கூட்டிலிருந்து தோட்டாக்கள் சிக்குகின்றன. புதிய கூடு ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைக்கவும் அவர் எண்ணியிருந்தார்.

தந்தையார் முதலில் கூட்டைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்தார். அந்தப் பெட்டிக் கூட்டை அமைத்தவர் ஸ்கொத்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர். 1879 இல் அதற்கு உரிமை பெற்றார். பிரித்தானியப் படை 1888 இல் ஏற்ற றைபிளில் கூடு எட்டுத் தோட்டாக்களைக் கொண்டது. பின்னர் அது பத்தாயிற்று. .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னே அமைதல் வேண்டும். பின்னே அமைந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இவ்வரலாறெல்லாம் நாம் பிற்காலத்தில் படித்தவை. தந்தையாரோ தோட்டாக்களை ஒவ்வொன்றாய் இட்டும் எடுத்தும் பார்த்தே அதனைக் கண்டுகொண்டார். “கூட்டில் குற்றமில்லை துரை, அடுக்குவதில்தான் குற்றம்” என்றார். கொழும்புக்குக் கடிதம் போகவில்லை.

அடுத்தது பிடங்கு. இவ்வகைத் துவக்குக்குப் படைகள் குட்டை, நடுத்தரம், நீளம் எனப் பிடங்குகளை வைத்திருந்து ஆளுக்கேற்ப மாற்றின. தோட்டத்தில் அந்த வசதி ஏது? துரையின் கையை அளந்து, பிடங்கின் அடியில் இரண்டு விரற்கடை அறுத்து, பித்தளைத் தகட்டை மீண்டும் பொருத்தினார். பிடங்கைத் துவக்குடன் பிணைப்பது அதன் உள்ளே ஓடும் நீண்ட திருகாணி. அதன் சதுர நுனி முன்கட்டையிலுள்ள தகட்டில் பொருந்தி நிற்கும். முன்கட்டையை நீக்காமல் அதனைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். அந்த வெடிப்பு அப்படி வந்ததே. தந்தையார் வெடிப்பில் பசையிட்டுக் குறுக்கே ஒரு சிறு திருகாணி செலுத்தி இறுக்கினார். மலைப் பனியில் மரம் நீர் குடித்து ஊதாதிருக்க, பல நாட்கள் ஆளிவிதை எண்ணெய் பூசித் தேய்த்தார். “தம்பி, முன்கட்டையைத் தளர்த்தாமல் பின்கட்டையை இறுக்காதே” என்று எம்மிடம் சொன்னார்.

சில ஆண்டுகளில், ஒரு நல்லாசிரியரின் உதவியால் எமது கல்லூரி விடுதிக்கு வந்தோம். மாணவர் படையிலும் சேர்ந்தோம். தியத்தலாவைப் பாசறைக்குப் புறப்படும் முன்னாள், எம்மிடம் தந்த றைபிளின் பிடங்கு ஆடுவதைக் கண்டு, எமது கெட்டித்தனத்தைக் காட்ட எண்ணி, நீண்ட திருப்புளியால் இறுக்கினோம். மரம் ‘சடக்’ என்றது. தந்தையின் சொல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரவு முழுவதும் உறங்கவில்லை. காலையில் பொறுப்பாசிரியரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் சினக்கவில்லை. “சொல்லாமல் விட்டிருந்தால் பாசறையில் வேறொருவன் தலையில் விழுந்திருக்கும்” என்று மட்டும் சொல்லி, அவ்வாண்டு எம்மைப் பாசறைக்கு அனுப்பாது நிறுத்தினார். அத்தண்டனை தக்கதே.

ஒன்றை மட்டும் அன்று நாம் எவரிடமும் சொன்னதில்லை. அரசின் துவக்கைத் தோளில் ஏந்தி நின்ற நாம் அவ்வரசின் பிரசையல்லோம். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம் போன்ற தோட்டத்து மக்களை நாடற்றோராக்கியிருந்தது. 1964 இல் ஸ்ரீமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்குமெனப் பிரிக்கப்பட்டனர். எமக்கு இலங்கை கிடைத்தது, பெற்றோருக்கு இந்தியா. துரையின் துவக்கைத் திருத்திய கைகள் 1973 இல் உளியையும் இழைப்புளியையும் சாக்கில் கட்டிக்கொண்டு கப்பலேறின.

1981 இல் திருச்சிராப்பள்ளிக்கு அண்மையில் தந்தையாரைக் காணச் சென்றோம். ஒருநாள் வங்கிக்கு உடன் போனபோது, வாயிலில் நின்ற காவலரின் .303 றைபிளைப் பார்த்து அவர் நின்றுவிட்டார். வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையில் செய்தது அது. 1962 ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அத்தொழிற்சாலையார் இவ்வகையையே 7.62 தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி, கூட்டையும் சதுரமாக்கினர் என்பதைப் பின்னர் அறிந்தோம். தந்தையார் கண்டது வேறொன்று. முன்கட்டையின் குறுக்கே, வெடிக்காதிருக்க, ஒரு திருகாணி செலுத்தப்பட்டிருந்தது. இஷாப்பூர்த் துவக்குகளுக்கு அஃது ஓர் அடையாளம். “பார் தம்பி, இங்கேயும் ஒரு தச்சன் இருந்திருக்கிறான்” என்றார். அந்நாட்டிற்குச் சென்ற பின் அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நாம் கண்டதில்லை.

இன்று கல்லூரியை மேலும் உயர்த்தப் பலர் பல வழி கூறுகின்றனர். எல்லாம் நல்லனவே. மாணவ மணிகளுக்கு நாம் கூறக்கூடியது சிறிது. புதியதை வாங்குமுன் உள்ளதை அடுக்கிப் பாருங்கள். இறுக்குமுன் எங்கே தளர்த்தவேண்டுமென அறியுங்கள். உடைத்துவிட்டால் விடியுமுன் சொல்லிவிடுங்கள். முதலிரண்டையும் தந்தையிடம் கற்றோம்; மூன்றாவதை இக்கல்லூரி தந்தது. கல்லூரி அன்னை நீடு வாழ்க.