பிள்ளை பெற்ற பின்

கருவுற்ற பெண்ணுக்கு வீடே காவலாகி நிற்கும். மாமியார் தண்ணீர்க் குடத்தைத் தூக்கவிடார். படியேறுகையில் கணவன் கைகொடுப்பான். இக்காவலில் எத்தனையோ பெண்கள் தம் பழைய பழக்கங்களை உதறிவிடுகின்றனர். அவற்றுள் ஒன்று வெண்சுருட்டு. நம் பெண்களைப் பற்றி எழுதுமிடத்தில் இச்சொல் எதற்கு என முகம் சுளிப்போர் உளர். சுளிக்கட்டும். நம் பாட்டிமார் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டு பால்மரம் வெட்டியபோது சுளிக்காத முகங்கள்தாம் அவை.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வு, ஆண்களில் 40.5 விழுக்காட்டினர் புகைப்பதாகக் கூறிற்று. பெண்களிலோ 1.2 விழுக்காட்டினரே. இந்தச் சிறிய எண்ணே அப்பெண்களுக்குப் பகையாகிவிடுகின்றது. நூற்றில் ஒருத்தியாய் இருப்பவள் தன் பழக்கத்தை ஒளிக்கின்றாள். கிளினிக்கில் தாதி கேட்டால் ‘இல்லை’ என்கின்றாள். இல்லை என்று சொல்லிவிட்ட ஒன்றுக்கு அவள் எப்படி உதவி கேட்பாள்?

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, தன் மூத்த மகனை முதலாம் ஆண்டிற்குப் பதிய வந்திருந்தாள். கையில் மூன்று மாதக் குழந்தை. மின்னணுத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவள். உறக்கம் கலையத் தோழியர் நீட்டிய வெண்சுருட்டு அவளிடம் ஒட்டிக்கொண்டது. கருவுற்றது தெரிந்த வாரத்திலேயே அதை விட்டுவிட்டாள். பாரங்களை நிரப்பி முடித்த பின்னும் அவள் எழவில்லை.

“ஐயா, வயிற்றில் பிள்ளை இருந்தபோது அந்த வாடையே குமட்டியது. இப்போது விடியற்காலையில் இவன் அழும்போது, ஒன்றே ஒன்று போதும் என்று கை தேடுகிறது. அடுத்த வாரம் வேலைக்குத் திரும்ப வேண்டும்.”

வீட்டில் சொல்ல இயலாததை ஆசிரியரிடம் சொல்லலாம் எனக் கருதினாள் போலும்.

அவள் கூறியதில் உண்மை முழுவதும் அடங்கியிருந்தது. மசக்கை அவளைக் காத்தது; அது போயிற்று. வயிற்றுப் பிள்ளை காத்தது. அதுவும் வெளியே வந்துவிட்டது. பிள்ளைக்காக விட்டவள், பிள்ளை பிறந்ததும் தவணை முடிந்ததாக எண்ணுதல் இயல்பன்றோ? சூழ்ந்திருந்தோரும் அவ்வாறே எண்ணுகின்றனர். பிரசவம் வரையில் தாயின் நலத்தைத் துருவித் துருவிக் கேட்ட தாதி, அதன்பின் குழந்தையின் எடையையும் தடுப்பூசியையும் கேட்கின்றார். வீட்டிலோ பூண்டு, மிளகு, சுறாப்புட்டு என்று பத்தியம் தவறாமல் நடக்கும். பத்தியம் முடிந்ததும் உதவிக்கு வந்தோர் ஊர் திரும்புவர். தூக்கமில்லாத இரவுகள் மட்டும் அவளுக்கு எஞ்சும். மேலை நாடுகளில் பேறுகாலம் வரை புகைக்காதிருந்த தாய்மாரில் பத்துக்கு நால்வர் அளவில் ஆறு மாதத்திற்குள் பழக்கத்திற்குத் திரும்பியதாக ஆய்வாளர் கண்டனர். அவர்களை மனவுறுதியற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். காவல் விலக்கப்பட்ட வேளையில்தான் பகை வந்தது.

தனியார் துறையில் 60 நாளாக இருந்த பேறுகால விடுமுறை 2023 முதல் 98 நாளாயிற்று. நல்ல சட்டம். ஆயினும் 99ஆம் நாள் அவள் போய் நிற்பது அதே இடைவேளைக் கொட்டகையில், அதே தோழியரிடையே. விடுமுறை முடியுமுன்னரே, அங்கே என்ன செய்வதென்று அவள் ஒரு தோழியிடமாவது பேசி வைத்தல் வேண்டும். புகைக்கும் ஆவல் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியக்கூடியது. அந்நிமிடங்களில் குழந்தையை வாங்கிக்கொள்ள வீட்டில் ஒரு கையும், வேலையிடத்தில் உடன் நடந்துவர ஒருத்தியும் இருந்தால் பெரிதும் உதவும்.

அவள் கணவனையும் அழைத்துப் பேசினேன். அவன் சமையற்கட்டின் பின்வாசலில் நின்று புகைப்பவன். பெட்டியைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைப்பவன். 2019 சனவரி முதல் உணவகங்களில் புகைக்கத் தடை வந்தது. சமையற்கட்டுக்கு அச்சட்டம் வராது. புகை சூழ்ந்த வீட்டில் வளரும் சிசுவுக்கு மூச்சுக்குழல் நோயும் காதுச் சீழும் எளிதில் வரும், உறக்கத்திலேயே உயிர் பிரியும் ஆபத்தும் மிகும் என்றேன். தலைகுனிந்து கேட்டான். மனைவியை மட்டும் விடச் சொல்லித் தான் தொடர்வது, உண்ணாநோன்பு இருப்பவள் எதிரே இலைபோட்டு உண்பது போன்றதன்றோ என்றும் கேட்டேன். அதற்குத்தான் நிமிர்ந்து பார்த்தான்.

இன்னொன்றையும் அவளிடம் கூறினேன். ஒருநாள் தவறிப் புகைத்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று கைவிடலாகாது. மறுநாளே மீண்டும் விட்டுவிடலாம். பழி சொல்வோர் இருக்கும் வீட்டில் முதல் வெண்சுருட்டை மறைக்க இரண்டாவது துணைவரும். அவ்வச்சத்தில் தாய்ப்பாலை நிறுத்துவதும் தவறு. நிக்கோட்டின் பாலில் கலக்கின்றது, பால்சுரப்பையும் குறைக்கின்றது என்பது மெய்யே. ஆயினும் புகைப்பவளும் பாலூட்டலைத் தொடர்வதே குழந்தைக்கு நல்லது என்பது மருத்துவர் கருத்து. அரசாங்கக் கிளினிக்குகள் பலவற்றில் புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் பிரிவு உண்டு. அங்குச் செல்ல அவள் கூசினாள். தாதியிடம் உண்மையைச் சொன்ன பின்னர்க் கூச்சம் பாதி தீர்ந்ததாம்.

பகல் வேலைக்கு மாற்றல் கேட்டுப் பெற்றாள். இடையில் இருமுறை தவறினாள் என்று அவளே சொன்னாள். கணவன் ஒரு நாளைக்கு மூன்றாகக் குறைத்திருக்கின்றான். வீட்டுக்கு வெளியே, சாலையோரம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதுபற்றிப் பேசத் தாதி ஒருவரை அழைத்திருக்கின்றேன். தந்தையரும் வருதல் வேண்டும் என்ற வரியைக் கடிதத்தில் அடிக்கோடிட்டு அனுப்பியுள்ளேன்.