பைன் நிழலிற் கற்ற பாடம்

நம் கல்லூரியில் எமக்குத் தாவரவியல் கற்பித்த ஆசிரியர், ஏட்டிலுள்ளதை அப்படியே ஒப்புவிக்கும் மாணாக்கரைக் கண்டால், "முதலிற் போய்ப் பார், பின்னர் வந்து சொல்" என்பார். அவ்வுபதேசத்தை யான் பதினேழு ஆண்டுகள் மறந்திருந்தேன். அதனை இம்மலரில் எழுதுவது அவருக்குச் செலுத்தும் காலங்கடந்த கடனாகும்.

1984ஆம் ஆண்டில், ஊவா மாகாணத்திலே பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியனாகச் சென்றேன். தேயிலை மலைகளுக்கு மேலே, மானாப்புல் மண்டிய பத்தனாச் சரிவுகளில் அப்பொழுதுதான் பைன் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. மத்திய அமெரிக்காவையும் கரிபியன் தீவுகளையும் தாயகமாகக் கொண்ட அம்மரத்தை 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் மலைநாட்டுப் புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் பெருமளவில் நட்டனர். மண்ணரிப்பைத் தடுப்பதும், மரமும் பிசினும் பெறுவதும் நோக்கங்களாயிருந்தன.

மரங்கள் ஓங்கின. ஊசியிலைகள் உதிர்ந்து, பாய் விரித்தாற்போல நிலத்தை மூடின. "பீலியில தண்ணி கொறைஞ்சிருச்சு" என்று லயத்துப் பெண்கள் குறைகூறினர். அது வெறும் புலம்பலன்று. புல்லைக் காட்டிலும் பைன் மிகுந்த நீரை உறிஞ்சும். யானோ அதற்கும் ஒருபடி மேற்சென்று, "பைன் காடு செத்த காடு; அதன்கீழ் வேறொன்றும் முளையாது" என ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பித்தேன். பிள்ளைகள் பரீட்சையில் அவ்வாறே எழுதினர். யானும் புள்ளி வழங்கினேன்.

2001ஆம் ஆண்டில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும், "பைன் காட்டில் நாவல் முளைக்கும்" என்று எழுதினாள். சிவப்பு மையினாற் பிழையிட்டேன். மறுநாட் காலை, கொழுந்தெடுக்கும் தொழிலாளியின் மகளான அச்சிறுமி, பழைய தகரப்பேணி ஒன்றில் வேரோடு கூடிய கன்றைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தாள்.

"சேர், எங்க பீலிக்கு மேல பைன் காட்டுலதான் புடுங்கினேன். இன்னும் நெறைய இருக்கு."

சனிக்கிழமை அவளும் அவள் தாயும் வழிகாட்ட மேலேறினேன். விறகு பொறுக்கச் செல்பவர்களாதலின் அவர்கள் அறியாத மூலையில்லை. ஓடை இறங்கும் மடிப்பில் பழங்காட்டின் எச்சம் ஒரு கீற்றாய் நின்றது. அதனை அடுத்த பைன் வரிசைகளுக்கிடையே நாவலினக் கன்றுகளும் வட்டக்கண்ணியும் கொய்யாவும் ஊசியிலைப் படுகையைத் துளைத்துக்கொண்டு எழுந்திருந்தன. அப்பால் நடந்தபோது கன்றுகள் அருகின. பின்னர் வெறும் ஊசியிலையே எஞ்சியது.

அன்றுதான் காரணம் விளங்கிற்று. திறந்த பத்தனாவில் வெயிலும் அடர்ந்த புல்லும் அடிக்கடி மூளும் தீயும் காட்டுவிதையை வாழவிடா. பைனின் நிழல் புல்லை அடக்குகிறது. கொப்புகளில் வந்தமரும் பறவைகள் விதைகளை இடுகின்றன. வெயில் விரும்பும் மரங்கள் முந்த, அவற்றின் நிழலில் மெல்ல வளரும் பெருமரங்கள் பிந்தி வரும். ஆனால், விதை தரும் தாய்க்காடு அருகில் இருத்தல் வேண்டும். என் பாடம் முற்றும் பொய்யன்று. எனினும் போய்ப் பாராத பாடம். திங்கட்கிழமை வகுப்பின் முன்னிலையில் என் பிழையை ஒப்புக்கொண்டு, அவள் விடைக்கு முழுப் புள்ளி இட்டேன்.

பின்னர் படித்தறிந்தேன்: சிங்கராசக் காட்டின் எல்லையில், பேராதனைப் பல்கலைக்கழகத்துக் குணதிலக தம்பதியரும் மார்க் அஷ்டனும் அவர்தம் குழுவினரும் இதனையே பரிசோதித்திருந்தனர். பைன் வரிசைகள் சிலவற்றை அகற்றி ஒளி புகவிட்டு, நாகமரம் முதலிய காட்டுமரக் கன்றுகளை நட்டபோது அவை நன்கு வளர்ந்தன. அவ்வாய்வு 1997இல் வெளிவந்தது. எம் மாணவி அவ்வேட்டைக் கண்டவளல்லள்.

மறு ஆண்டு ஆடியில், கச்சான் காற்று வீசும் வறட்சியில், மாட்டுக்கு இளம்புல் வேண்டி யாரோ மானாப்புல்லில் இட்ட தீ பைன் காட்டினுள் ஏறிற்று. காய்ந்த ஊசியிலையும் பிசினும் எண்ணெயென எரிந்தன. மூன்றாம் நாள் சாம்பலினிடையே நின்று அச்சிறுமி அழுதாள். யான் ஆறுதல் கூற நாவெழாது நின்றேன். ஒரு காடு மீள நூறாண்டும் போதாது. அழிய ஒரு பிற்பகல் போதும்.

மாரிமழை தொடங்கியதும் அவளே ஓடி வந்தாள். பதினொரு கன்றுகள் அடிவேரிலிருந்து துளிர்த்திருந்தன. அவ்வாண்டு முதல், கச்சானுக்கு முன்னர், மாணாக்கரும் பெற்றோருமாகச் சேர்ந்து அம்மடிப்பைச் சுற்றிப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்பு வெளி அமைத்து வரலாயினோம். யான் இளைப்பாறிய பின்னரும் அப்பணி நின்றுவிடவில்லை.

சென்ற ஆண்டு அங்கே சென்றேன். பதினொன்றில் ஏழு மரங்கள் என் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. பீலியில் நீர் பழைய அளவுக்கு இன்னும் மீளவில்லை. அதற்கு என் ஆயுள் போதாது. அவள் பிள்ளைகள் காணக்கூடும்.

இன்று நம் கல்லூரியிற் பயிலும் தம்பிமார்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. நாளை நீவிர் எத்தொழில் ஏற்பினும், சிவப்பு மையைத் தொடுமுன் ஒருமுறை மலையேறிப் பாருங்கள்.