கடலும் கடனும்: இத்தாலியப் படங்கள் சில

கரடியனாறு கடற்கரை ஊரன்று. செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருவீதியிலே, வயலும் காடும் சூழ அமைந்த உழவர் ஊர் அது. கடலைக் காண விரும்பும் படுவான்கரையார் வாவிக்கு அப்பால் எழுவான்கரைக்கே செல்லல் வேண்டும். அத்தகைய ஊரைச் சேர்ந்த என்னை இத்தாலியக் கடற்கரைப் படங்கள் ஆட்கொண்டமை சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயின், அப்படங்களிலே என் நெஞ்சைத் தொட்டது கடலின் அழகன்று. கடலை நம்பி வாழ்வோரின் கடனே ஆகும்.

லூக்கினோ விஸ்கொந்தி என்பார் 1948ஆம் ஆண்டில் 'நிலம் நடுங்குகிறது' என்னும் படத்தை உருவாக்கினார். ஜொவானி வெர்கா 1881இல் வெளியிட்ட நாவலொன்றைத் தழுவியது அது. சிசிலித் தீவின் ஆச்சி திரேத்சா என்னும் மீனவர் ஊரே அதன் களம். இரவெல்லாம் அலையோடு போராடிப் பிடித்த மீனுக்குக் கரையிலே காத்திருக்கும் மொத்த வியாபாரிகளே விலை வகுக்கின்றனர். இதனைப் பொறாத ந்தோனி என்னும் இளைஞன், குடியிருக்கும் வீட்டை ஈடுவைத்துத் தன் குடும்பத்துக்கெனத் தொழில் தொடங்குகின்றான். நெத்தலி மிகுதியாகப் பட, அதனை உப்பிட்டுப் பீப்பாய்களில் நிறைத்து மகிழ்கின்றனர். பின்னர்ப் புயலிலே தோணி சிதைகின்றது. உப்பிட்ட மீனை வியாபாரிகள் அற்ப விலைக்கு வாங்குகின்றனர். வீடும் கைவிட்டுப் போகின்றது. ஈற்றில், எவரை எதிர்த்தானோ அவரிடமே கூலிக்குச் செல்கின்றான் ந்தோனி. புயல் ஒருநாள் வந்து போவது. வியாபாரியின் தராசோ நாடோறும் கரையிலே நிற்பது. படத்தின் உட்பொருள் இதுவே.

அப்படத்தில் தொழில்முறை நடிகர் எவருமிலர். அவ்வூர் மக்களே தம் சிசிலிப் பேச்சிலே உரையாடினர். அது ஏனைய இத்தாலியருக்கே விளங்காமையால், பொது இத்தாலிய மொழியில் குரல் மாற்றிச் சுருக்கிய வடிவமொன்றும் பின்னர் வெளிவந்தது. எனினும், இன்று உலகம் போற்றுவது அம்மக்கள் தம் வாயாற் பேசிய மூல வடிவத்தையே.

றொபேட்டோ றொசெல்லினி 1950இல் வெளியிட்ட 'ஸ்துறொம்போலி' எரிமலைத் தீவொன்றின் கதை. மீனவனை மணந்து அங்கு வந்த அகதிப் பெண்ணொருத்தி காண, மீனவர் ஒன்றுகூடிப் பெரிய சூரை மீன்களை வளைத்துக் கொல்லும் காட்சி மெய்யான தொழிலையே படம்பிடித்ததாகும். நம் அயலிலே, 1965இல் மலையாளச் 'செம்மீன்' கடலோர மக்களின் காதலையும் நம்பிக்கைகளையும் பாடியது. ஈழத்திலோ, செங்கை ஆழியானின் நெடுந்தீவுக் கதையாகிய 'வாடைக்காற்று' 1978இல் திரைக்கு வந்தது.

விஸ்கொந்தி தம் படத்தை மூன்று பகுதிகளாக எடுக்க எண்ணியிருந்தார்: கடல், சுரங்கம், வயல். கடற்பகுதி மாத்திரமே நிறைவேறிற்று. எடுக்கப்படாத அந்த வயற்படத்தை நினைக்கும்போதெல்லாம் என் ஊரே கண்முன் நிற்கின்றது. விதைப்புக்கு வாங்கிய முன்கடனுக்காக, விளைந்த நெல் களவெட்டியிலேயே பிறர் கைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். போடியாரும் கரைவலை முதலாளியும் வெவ்வேறு கரையினர், கணக்கேடோ ஒன்றே. மீனவனும் உழவனும் தம் உழைப்பின் விலையைத் தாமே வகுக்கும் நாள் வரும்வரை, அவ்விரு கரைகளின் கதையும் ஒன்றுதான்.

எனவே, கலையார்வம் மிக்க நம் கல்லூரி இளைஞரிடம் ஒன்று வேண்டுவேன். பிறர் ஊரின் அலைகளைத் தேடி அலையாது, படுவான்கரையின் களவெட்டியையும் எழுவான்கரையின் வலையையும் உற்று நோக்குங்கள். நம் மக்களை அவர்தம் மட்டக்களப்புத் தமிழிலேயே பேசவிடுங்கள். சிசிலியிலே எடுக்கப்படாது நின்ற படம் கரடியனாற்றிலே பிறத்தல் கூடும்.