மகன் வீடு இருக்க ஹாஸ்டல் எதற்கு?



போன மாதம் சின்னமனூரில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது: "வாத்தியாரு லண்டனுக்குப் போயி, மகன் வீட்டுல தங்காம ஹாஸ்டல்ல தங்கினாராம்ல. மருமக சேத்துக்கலையோ என்னமோ." சொன்னவர் நெருங்கிய உறவுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பாயாசம் இறங்கவில்லை. மருமகள் காதுக்கு இது போவதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். "சார், அப்பா அம்மாவை லண்டனுக்குக் கூட்டிட்டு வரணும், எங்க தங்க வைக்கிறது?" என்று மூன்று நான்கு மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுவே பதில்.

போன ஜூனில் போனோம். மகன் இருப்பது ஈஸ்ட் ஹாம். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாதாள ரயிலில் கருநீலக் கோடு, பிக்கடில்லி லைன். ஹேமர்ஸ்மித்தில் இறங்கி அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் பச்சைக் கோட்டு வண்டியில் ஏறினால் நேரே ஈஸ்ட் ஹாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்க வேண்டியதில்லை என்பதால் மகன் அப்படிக் கூட்டிப்போனான். 2022-ல் திறந்த எலிசபெத் லைன் இன்னும் வேகம், கட்டணமும் கூடுதல். பாடிங்டனுக்கு 15 நிமிடத்தில் போகிற ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் அதைவிட விலை. நம்மைப் போல அவசரம் இல்லாதவர்களுக்கு அது தேவையில்லை.

ஈஸ்ட் ஹாமில் இறங்கினால் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். சரவண பவன் இருக்கிறது, முருங்கைக்காய் கிடைக்கிறது. என் மனைவி, "இதுக்கா இம்புட்டுத் தூரம் பிளேன்ல வந்தோம்?" என்றாள்.

மகன் வீடு ஒரே படுக்கையறை. அதை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவனும் மருமகளும் குழந்தையும் ஹாலில் படுத்தார்கள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. மருமகள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இவளுக்கு முழங்கால் வலி என்று ராத்திரி எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டது அந்தப் பிள்ளைதான். பத்தாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். மணி இரண்டு இருக்கும். அடுக்களையில் வாஷிங் மெஷினில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து மகன் லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஹாலில் விளக்கைப் போட்டால் குழந்தை முழித்துக்கொள்ளுமாம். பகலில் எங்களோடு சுற்றிவிட்டு வேலையை ராத்திரிக்குத் தள்ளியிருக்கிறான். "தூக்கம் வரலப்பா" என்றான். முப்பத்தி நாலு வருசம் பிள்ளைகள் சொல்லும் பொய்யைக் கேட்டவன் நான்.

காலையில், கடைசி நாலு நாள் வெளியே அறை எடுக்கிறோம் என்றேன். மகனுக்குக் கோபம். "ஊருல என்னப்பா பேசுவாங்க?" என்றான். அவன் சொன்னதுதான் நடந்தது. என் மனைவி என் பக்கம் நின்றாள். அவளுக்கு அதற்கு ஒரு காரணமும் இருந்தது, பிறகு சொல்கிறேன்.

நாங்கள் தங்கியது ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் உள்ள இந்தியன் ஒய்.எம்.சி.ஏ. அங்கு படிக்கப் போகும் நம் மாணவர்களுக்காக 1920-ல் தொடங்கியது. தொடங்கியவர் கே.டி.பால், நம் சேலத்துக்காரர். மாணவர் இல்லாதவர்களுக்கும் அறை தருகிறார்கள். சின்ன அறைதான், ஆனால் சுத்தம். ராத்திரிக்குச் சோறு, சப்பாத்தி, பருப்பு. ஒரு நாள் வாடகை ஓடைப்பட்டியில் ஒரு மாத வீட்டு வாடகையை விடக் கூடுதல், அதையும் மறைக்கவில்லை. பென்ஷன் காசில் கொடுத்தேன். பிரீமியர் இன், டிராவல்லாட்ஜ் போன்ற ஓட்டல்களில் சில மாதம் முன்பே பதிவு செய்தால் விலை குறையும். கோடை விடுமுறையில் கல்லூரி விடுதி அறைகளையும் வெளியாருக்கு விடுகிறார்கள். வீடுகளில் அறை விடுவோரும் உண்டு. ஆனால் தெரிந்தவர் யாராவது நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

இனி மகன் துணையில்லாத பயணம். ஆளுக்கு ஒரு வங்கிக் கார்டு வேண்டும். என் ஒரே கார்டை நீட்டி இரண்டு பேரும் நுழையப் பார்த்தோம், கதவு இவளுக்குத் திறக்கவில்லை. உள்ளே போகும்போது தொடுகிற அதே கார்டை வெளியே வரும்போதும் தொட வேண்டும், மறந்தால் உச்சக் கட்டணம் பிடித்துவிடுவான். சிவப்பு மாடிப் பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். 2014-லிருந்து பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை. நாங்கள் போனபோது 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசுதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பஸ்தான் நல்லது. பாதாள ரயில் 1863-ல் தொடங்கியது, பழைய நிலையங்கள் பலவற்றில் லிப்ட் கிடையாது.

இதை நான் பாடுபட்டுத்தான் கற்றேன். ஈஸ்ட் ஹாமில் இருந்தபோது ஒரு நாள் மகனைத் தொந்தரவு செய்யாமல் நாங்களே செயின்ட் பால்ஸ் தேவாலயம் பார்க்கக் கிளம்பினோம். மைல் எண்டில் வண்டி மாற வேண்டும். சிவப்புக் கோட்டு வண்டி வந்தது. நான் ஏறிவிட்டேன். இவள் காலைத் தாங்கித் தாங்கி வருவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் நகர்ந்து போனது. கையில் போன் இல்லை, இங்கிலீஷ் தெரியாது, மகன் வீட்டு முகவரி என் சட்டைப்பையில். அடுத்த நிலையம் பெத்னல் கிரீன். இறங்கி, எதிர் வண்டி பிடித்து, மைல் எண்டில் படி இறங்கி ஏறி அந்தப் பிளாட்பாரத்துக்கு ஓடினேன். பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். வேறு வண்டியில் ஏறியிருந்தால்? மேலே ரோட்டுக்குப் போயிருந்தால்?

நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். ஒரு கறுப்பினத்துப் பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "சுருளி அருவிக்கு டூர் கூட்டிட்டுப் போறப்ப பிள்ளைககிட்ட நீங்க சொல்றதுதான. காணாமப் போனா நின்ன எடத்துலயே நில்லு, சார் வருவேன்னு" என்றாள். அன்றைக்கு அந்தத் தேவாலயத்தை நாங்கள் பார்க்கவில்லை. அடுத்த நாளே முகவரியையும் மகன் நம்பரையும் இரண்டு தாளில் எழுதி, ஒன்றை அவள் சுருக்குப்பையில் போட்டேன். உங்கள் அம்மாவுக்கும் முதலில் இதைச் செய்யுங்கள்.

அவளுடைய காரணத்துக்கு வருகிறேன். அவள் பிறந்த ஊர் பாலார்பட்டி. அங்கே ஜனவரி 15-ல் பென்னிகுக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைப்பார்கள். 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. அவர்கள் வீட்டில் இரண்டு போகம் சோறு தின்றது அதனால்தான். "டவர் பிரிட்ஜ் இருந்தா இருக்கட்டும், தொரை சமாதியைப் பாக்கணும்" என்று ஊரிலிருந்தே சொல்லிவந்தாள். ஃபிரிம்லி என்ற சின்ன ஊர் அது. வாட்டர்லூ நிலையத்திலிருந்து போக வேண்டும், ஹாஸ்டலிலிருந்து வாட்டர்லூ பக்கம்.

முதல் இரண்டு நாள் மகன் ஹாஸ்டலுக்கு வந்தான், குழம்புத் தூக்கை வைத்தான், பேசாமல் போனான். சனிக்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் வாட்டர்லூ போய் இறங்கினால் மூவரும் அங்கே நிற்கிறார்கள். "நல்லாத் தூங்கினியாடா?" என்று அவன் அம்மா கேட்டாள். "தூங்கினேம்மா" என்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

இந்த வண்டிக்குத் தனி டிக்கெட் எடுத்தோம். சனி, ஞாயிறில் நெரிசல் நேரக் கட்டணம் கிடையாது. ஆனால் தண்டவாள வேலை என்று வண்டியை நிறுத்துவதும் அன்றைக்குத்தான், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்காட்டில் மாறி, கேம்பர்லி தாண்டி ஃபிரிம்லி. கேம்பர்லியில் தமிழ்நாடு அரசு 2022-ல் வைத்த பென்னிகுக் சிலையும் இருக்கிறது. நிலையத்திலிருந்து செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்கு நடந்தே போனோம். புல்லுக்கு நடுவே மற்ற கல்லறைகளோடு அவருடையதும் ஒன்று. லோயர் கேம்ப் மணிமண்டபத்தைப் பார்த்த கண்ணுக்கு ரொம்பச் சின்னது. இவள் வாட்டர்லூவில் வாங்கிய பூவை வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஈரப் புல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். மருமகள் குழந்தையை அந்தக் கல்லைத் தொட வைத்தது.

திரும்பும்போது மகன் அம்மா தோளில் சாய்ந்து வாட்டர்லூ வரை தூங்கினான். அவளுக்குத் தோள் மரத்துப்போனது, அசையவில்லை.

அந்தக் கல்யாண வீட்டு உறவுக்காரர் இதைப் படித்தால் போன் செய்யலாம், கோபமில்லை. போகிறவர்கள் ஜூன் என்று நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். வேறு கேள்வி இருந்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பகலில் திராட்சைத் தோட்டத்தில் இருப்பேன்.