நீதிபதியின் சுண்டுவிரல்

ஆலன் பேஜின் கை தெரியும் புகைப்படம் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று பார்க்கிறேன். மற்ற விரல்கள் நேராக இருக்கின்றன. ஒரு சுண்டுவிரல் மட்டும் பாதியில் திரும்பி, ஏறக்குறைய செங்கோணத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆடுகளத்தில் திரும்பத் திரும்பப் பிசகிய விரல் அது. அந்த விரலோடுதான் அவர் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் மினசோட்டா உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதினார்.

அமெரிக்கக் கால்பந்தில் அவர் டிஃபென்ஸிவ் லைன்மேன், தற்காப்பு வரிசையில் நிற்பவர். அந்த இடத்தில் ஆடுகிறவரின் கைக்குப் பந்து வருவதே அபூர்வம். எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், பெரும்பாலும் தன்னைவிடக் கனமான ஒருவன் குனிந்து நிற்பான். பந்து அசைந்த கணமே அவனைத் தாண்டிப் போய், பந்தை வீசப்போகிறவனைச் சாய்க்க வேண்டும். சில விநாடிகளில் முடிந்துவிடும். எழுந்து வந்து மறுபடி குனிய வேண்டும். ஆட்டம் முடியும்வரை இதே வேலைதான். எதிராளியின் சட்டையிலும் தோள்கவசத்திலும் சிக்கிச் சிக்கி விரல்கள் திருகிக்கொள்ளும். பேஜ் பருமனை நம்பி ஆடியவர் இல்லை. பந்து அசைவதும் அவர் பாய்வதும் ஒரே நேரத்தில் நடக்கும். 1967-ல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்தவர், 1971-ல் தேசியக் கால்பந்து லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகும் 1986-ல் லாரன்ஸ் டெய்லர் ஒருவருக்குத்தான் அந்தப் பெருமை வாய்த்தது. பேஜின் அணி லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு நான்கு முறை போய் நான்கிலும் தோற்றது.

ஆடிக்கொண்டே அவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், 1978-ல் பட்டம் வாங்கினார். மாரத்தானுக்காக ஓடவும் தொடங்கியிருந்ததால் உடல் இளைத்தது. எடை குறைந்துவிட்டது, பழையபடி ஆட முடியவில்லை என்று அதே ஆண்டு வைக்கிங்ஸ் அவரை விடுவித்தது. சிகாகோ பேர்ஸ் அணி அழைத்துக்கொண்டது. அங்கே 1981 வரை ஆடினார். ஓட்டத்தின் மேல் இருந்த பிரியம் பிறகும் போகவில்லை. மாரத்தான் நடக்கும் நாளில், ஓடுகிறவர்களுக்கு உற்சாகம் கொடுக்கத் தெருவோரம் நின்று சூஸஃபோன் வாசிப்பார். அத்தனை பெரிய பித்தளை வாத்தியத்தைத் தோளில் சுற்றிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்காக ஊதும் ஒரு நீதிபதி! அவரைப் பற்றி அறிந்த எல்லாவற்றிலும் என்னை அதிகம் மகிழ்வித்தது இதுதான்.

ஆனால் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஓஹாயோவின் கேன்டன் நகரில். பேஜ் பிறந்த ஊர். தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடம் அங்கேதான் கட்டப்பட்டது. பள்ளிப் பருவத்தில் அந்தக் கட்டடத்தில் கூலிவேலை பார்த்த பையன்களில் பேஜும் ஒருவர். 1988-ல் அதே கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. வீரரை மேடையில் அறிமுகம் செய்ய, அவருக்குப் பயிற்சி தந்தவரையோ கூட ஆடியவரையோ அழைப்பதுதான் வழக்கம். பேஜ் அழைத்தது வில்லரீன் பீஸ்லியை. மினியாபொலிஸ் நகரப் பள்ளி ஒன்றின் முதல்வர் அவர், கறுப்பினப் பெண்மணி. பேஜ் தம் உரையிலும் ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கல்வியைப் பற்றியே பேசினார். அதற்குக் காரணம் உண்டு. கல்லூரி வரை போய்வந்த அணித் தோழர்களில் சிலருக்கு ஆட்டத் திட்டங்கள் அச்சிட்ட புத்தகத்தையே வாசிக்கத் தெரியவில்லை என்பதை அவர் நேரில் கண்டிருந்தார். பந்து பிடிக்கத் தெரிந்த பையனை எழுத்துத் தெரியாமலேயே வகுப்புக்கு வகுப்பு தள்ளிவிட்ட பள்ளிகள் எத்தனை இருந்திருக்கும்! அதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கரவொலிக்காகக் கூடியிருந்த கூட்டத்தின் முன்னால் இதை எடுத்துப் பேசத் துணிச்சல் வேண்டும்.

பேச்சோடு அவர் நிற்கவில்லை. அதே ஆண்டு மனைவி டயானும் அவரும் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். வெள்ளையரல்லாத மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்கு அது உதவுகிறது. பணம் பெறுகிறவர்கள் தங்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பில் துணைநிற்க வேண்டும் என்பது நிபந்தனை. 1992 தேர்தலில் வென்று பேஜ் மினசோட்டா உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். எழுபது வயது வரம்பு எட்டியதும் 2015-ல் ஓய்வு பெற்றார். பள்ளிகளுக்குப் போனால் பிள்ளைகளின் கண் அந்த விரலில்தான் நிற்கும். ஆசிரியையான மகள் கேமியோடு சேர்ந்து அதைப் பற்றியே ஒரு குழந்தைகள் புத்தகம் எழுதினார்.

மினியாபொலிஸில் அலெக்ஸாண்டர் ராம்ஸியின் பெயரில் ஒரு நடுநிலைப் பள்ளி இருந்தது. பூர்வகுடிகளான டகோட்டா மக்களை அழிக்க வேண்டும், இல்லையேல் மாநிலத்தைவிட்டே விரட்ட வேண்டும் என்று 1862-ல் முழங்கிய ஆளுநர் ராம்ஸி. அந்தப் பெயர் வேண்டாம் என்று மாணவர்களே முன்கை எடுத்தார்கள். 2017-ல் அது நீதிபதி பேஜ் நடுநிலைப் பள்ளி ஆயிற்று. மறு ஆண்டு நாட்டின் மிக உயர்ந்த குடிமை விருதான குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கமும் அவரைத் தேடி வந்தது. இரண்டில் பெரியது எது என்று கேட்டால், பள்ளிக்கூடம் என்றே சொல்வேன். அவர் ஆடி ஒருநாளும் பார்த்திராத பிள்ளைகள், அவர் செய்ததை அறிந்து தேர்ந்தெடுத்த பெயர் அது.