எடிஷனைத் தேர்ந்தெடுத்தது யார்?

கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டி, நாள் வசூலில் கடன் கொடுக்கும் நிதி நிறுவனம் என் கட்சிக்காரர். கணக்கு மென்பொருளோடு, தரவுத்தள மென்பொருளான எஸ்.கியூ.எல். சர்வர் 2012-ஐயும் சேர்த்து விற்றவர்கள், பாக்கித் தொகை கேட்டுக் கடலூர் நீதிமன்றத்தில் பிராது போட்டிருந்தார்கள்.

விலைப்புள்ளியைப் புரட்டினேன். ரசீது அட்டவணை ஆண்டுவாரியாகப் பிரித்து வைக்கப்படும், இன்றைய வசூலைத் தேடும்போது பழைய வருஷங்களைத் தொடாது என்று ஒரு வரி இருந்தது. பில்லிலோ ஸ்டாண்டர்ட் எடிஷன். சர்வர் 2012-இல் அந்தப் பிரிப்பு வசதி, விலை கூடிய என்டர்பிரைஸ் எடிஷனில்தான் உண்டு. கட்டளை கொடுத்துப் பார்த்தால், என்டர்பிரைஸில் மட்டுமே முடியும் என்று திரை மறுத்தது. அதை அச்செடுத்து, அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழோடு தாக்கல் செய்தோம். 2014-இல் வந்த அன்வர் – பஷீர் தீர்ப்புக்குப் பிறகு, அந்தச் சான்றிதழ் இல்லாமல் கணினி அச்சு செல்லாது என்பதே அன்றைய நிலை.

பெட்டியில் போட்டு விற்கும் மென்பொருளும் சரக்குதான் என்று டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. ஆகவே 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொருந்தியது. எதிர்த்தரப்பு வக்கீல் 16-ஆம் பிரிவின் வரம்புரையைப் பிடித்தார்: வணிகப் பெயர் சொல்லி வாங்கினால், காரியத்துக்கு ஆகுமா என்ற பொறுப்பு விற்றவர்மேல் விழாது. வலுவான வாதம். ஆனால் பெயரைச் சொன்னது யார்? குறுக்கு விசாரணையில் அவர்கள் சாட்சியிடம் கேட்டேன்.

"எடிஷனை முடிவு பண்ணது யாரு?"

"நாங்கதான் சார். அவங்களுக்கு அதெல்லாம் தெரியாது."

விற்றவரின் திறமையை நம்பித்தான் வாங்கினார் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

2016 நவம்பரில் எஸ்.கியூ.எல். சர்வர் 2016-இன் முதல் சர்வீஸ் பேக்கில் மைக்ரோசாஃப்ட் இந்த வசதியை ஸ்டாண்டர்டுக்கும் திறந்துவிட்டது. இனி நஷ்டம் ஏது என்றார்கள் எதிர்த்தரப்பினர். என் கட்சிக்காரர் கையில் இருந்தது 2012. சரக்கு பொருந்தியதா என்பதை ஒப்படைத்த நாளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. சாயங்காலம் வசூல் பையோடு வரிசையில் நின்று, ரசீதுத் திரை திறக்கக் காத்திருந்த பிள்ளைகளின் நேரத்தை எந்த சர்வீஸ் பேக் திருப்பித் தரும்?

பயன்படுத்திவிட்ட சரக்கைத் திருப்பிக் கொடுக்க 13-ஆம் பிரிவு இடம் தரவில்லை. 59-ஆம் பிரிவின்கீழ் விலைக்குறைப்பு கேட்டோம். இரண்டு எடிஷன்களின் உரிமக் கட்டண வித்தியாசம் பாக்கியைவிட அதிகம். பிராது தள்ளுபடியானது.