எழுபது வயதில் ஒரு சின்ன வீடு!

தலைப்பைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாக இந்தப் பக்கத்துக்கு வந்த வாசகர்கள் மன்னிக்கவும். இது நிஜமாகவே வீட்டைப் பற்றிய கட்டுரைதான். செங்கல், சிமென்ட், மொட்டை மாடி சமாசாரம். பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகிற பெரியவர்களைப் பற்றியது. இடம், சென்னை நங்கநல்லூர்.

பழவந்தாங்கலில் மின்சார ரயிலை விட்டு இறங்கி யாரிடம் வழி கேட்டாலும் கோயிலை வைத்துத்தான் சொல்வார்கள். "நேரே போங்க ஸார், ஆஞ்சநேயர் கோயில் வரும்..." அந்த ஆஞ்சநேயர் ஒரே கல்லில் 32 அடி. ரியல் எஸ்டேட் நிலவரம் எப்படி இருந்தாலும் இந்த ஊரில் இறங்காத ஒரே உயரம் அதுதான்.

ஒரு காலத்தில் ஊர் முழுக்கத் தனி வீடுகள். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி. கிணறு, இரண்டு தென்னை, ஒரு மாமரம், வாசலில் துளசி மாடம். கட்டியவர்களில் பாதிப் பேர் மத்திய சர்க்கார், பாங்க், ரயில்வே உத்தியோகஸ்தர்கள். பி.எஃப். லோன் போட்டு, மனைவியின் வளையலை வைத்து எழுப்பிய சுவர்கள். ஆலந்தூர் நகராட்சியாக இருந்தபோது பாதாளச் சாக்கடை வர வேண்டுமென்று வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டிய மக்கள் இவர்கள். 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தார்கள்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ரூம் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். ரூம்கள் அப்படியே இருக்கின்றன. பிள்ளைகள்தான் பக்கத்திலிருக்கும் ஏர்போர்ட் வழியாகப் பறந்துவிட்டார்கள்.

அப்படிப் பறந்த ஒருவன் என் நண்பன். 2017 ஜூலையில் நியூஜெர்ஸியிலிருந்து போன் செய்தான். "அப்பா வீட்டை விக்கறேங்கறார். அடுத்த நாள் வேண்டாங்கறார். நீ பி.காம். படிச்சவன்தானே, போய் ஒரு கணக்குப் போட்டுச் சொல்லேன்."

பி.காம். படித்தவனை இந்த நாட்டில் வேறு எதற்கும் கூப்பிடுவதில்லை. போனேன்.

மாமாவுக்கு எழுபத்து மூன்று. மாமிக்கு அறுபத்தெட்டு. வீட்டில் நாலு ரூம், பதினொரு ஜன்னல், நாலு கதவு, ஒரு கேட். ராத்திரி எல்லாவற்றையும் பூட்டி முடிக்கவே இருபது நிமிஷம் ஆகிறது. நடுராத்திரி ஏதாவது சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் மறுபடி செக் செய்ய இன்னொரு இருபது நிமிஷம். பாத்ரூம் கொல்லைப்புறத்தில். இரண்டு படி இறங்க வேண்டும். முந்தின மழையில் மாமி அந்த இரண்டாவது படியில்தான் வழுக்கினாள்.

"இந்த வயசுல உங்க மாமாவுக்குச் சின்ன வீடு கேக்கறதுடா" என்றாள் மாமி, காபியை நீட்டிக்கொண்டே. மாமா சிரிக்கவில்லை.

"ரேட்டு விழுந்து கிடக்கு. இப்ப போய் வித்தா நாட்டுப்புறத்தான்னு நினைப்பான்."

விழுந்துதான் கிடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, வீடு பார்க்க வருகிறவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் "தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று சுவரைப் பார்த்தார்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. நங்கநல்லூருக்கு அது நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், வாங்குகிறவர்களுக்குப் பொதுவாகவே ஒரு பயம் வந்துவிட்டது. நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. வெள்ளையும் கறுப்புமாகக் கலந்து நடந்துகொண்டிருந்த வீட்டு வியாபாரம் மறுநாள் காலை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. 2012-ல் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை, அதாவது 'கைடுலைன் வேல்யூ'வைத் தடாலடியாக உயர்த்தியிருந்தது. சந்தை விலை இறங்கியபோது சில இடங்களில் நிஜ விலையைவிட சர்க்கார் விலை அதிகமாகிவிட்டது! நீங்கள் குறைத்து விற்றாலும், இன்கம்டாக்ஸ்காரர்கள் கைடுலைன் விலைக்கு விற்றதாகவே கணக்கு வைத்து வரி கேட்பார்கள். கைக்கு வராத பணத்துக்கு வரி. (2020 பட்ஜெட்டில்தான் 10 சதவீதம் வரை வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை என்று மனது வைத்தார்கள்.) 2017 ஜூன் 9-ம் தேதி மாநில அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. நல்லதாயிற்றே என்று பார்த்தால், அதே கையோடு பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கியது. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள். ஊஞ்சல் விளையாட்டு!

சரி, மாமாவின் கணக்குக்கு வருவோம். 2014-ல் அடுத்த தெருவில் ஒரு வீடு என்ன விலைக்குப் போனதோ, அந்த ரேட்டு அவர் மனதில் குடியேறியிருந்தது. வாடகையும் தராமல், காலியும் செய்யாமல்.

ஒரு பேப்பரை எடுத்து மாமா முன்னால் எழுதினேன். நிஜத் தொகை வேண்டாம், கணக்குக்குச் சுலபமான தொகை. உங்கள் வீடு 2 கோடி. நீங்கள் வாங்கப்போகும் ஃப்ளாட் 80 லட்சம். கையில் மிஞ்சுவது 1 கோடியே 20 லட்சம். இப்போது இரண்டும் 10 சதவீதம் விழுகின்றன. வீடு 1 கோடியே 80 லட்சம், ஃப்ளாட் 72 லட்சம். மிச்சம் 1 கோடியே 8 லட்சம்.

"20 லட்சம் போச்சுன்னு நினைக்கறேள். போனது 12 லட்சம்தான். நீங்க விக்கறவர் மட்டுமில்லே மாமா, வாங்கறவரும்தான்."

மாமா கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

அந்த 1 கோடியே 8 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்று வைத்தால், வரிக்கு முன்னால் வருஷத்துக்கு 7 லட்சத்து 56 ஆயிரம். ரேட்டு ஏறட்டும் என்று இரண்டு வருஷம் காத்திருந்தால் 15 லட்சம் சொச்சம் வட்டி போகும். 12 லட்சத்தைப் பிடிக்க 15 லட்சத்தை விடுவதா?

ஆனால் கணக்கை ஒரு பக்கமாகப் போடுவது தர்மம் இல்லையே! மந்த காலத்தில் இரண்டும் ஒரே மாதிரி விழும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பழைய தனி வீட்டை வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பில்டர்கள். அவர்கள் கையில் பணம் இல்லையென்றால் அந்த விலைதான் முதலில் சரியும். குடியேறத் தயாராக இருக்கும் சின்ன ஃப்ளாட் அவ்வளவு சரியாது. வீடு 20 சதவீதமும் ஃப்ளாட் 5 சதவீதமும் விழுந்தால்? 1 கோடியே 60 லட்சத்தில் 76 லட்சம் போனால் 84 லட்சம். இப்போது நஷ்டம் 36 லட்சம். வட்டியை வைத்து அதை ஈடுகட்ட ஆறு வருஷம் ஆகும். அப்போது, உடம்பு இடம் கொடுத்தால், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆகவே ஸார், நம் வீட்டு ரேட்டை மட்டும் பார்த்துக் கவலைப்படுவது பாதிக் கணக்கு. வாங்கப்போகும் ஃப்ளாட்டின் ரேட்டையும் அதே வாரம், அதே ஏரியாவில் விசாரித்தால்தான் முழுக் கணக்கு.

"அப்ப விக்க வேண்டாம், ஜாயின்ட் வென்ச்சர் போட்டுடலாமே? எதிர்த்த சாரியில போட்டிருக்கா" என்றார் மாமா.

மனை உங்களுடையது, கட்டடம் பில்டருடையது. கட்டி முடித்ததும் ஆளுக்குப் பாதி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். மாமா காட்டிய எதிர்சாரி மனையைப் போய்ப் பார்த்தேன்.

2015-ல் ஒப்பந்தம். "பதினெட்டு மாசத்துல சாவி ஸார்!" என்றிருக்கிறார்கள். வீட்டை இடித்தாயிற்று. 2017 ஜூலையில் அங்கே இருந்தது ஆறு தூண், துருப்பிடித்த கம்பி, தேங்கிய தண்ணீர். பில்டர் தன் பங்கு ஃப்ளாட்களை முன்கூட்டி விற்றுத்தான் கட்ட வேண்டும். வாங்க ஆள் இல்லை, கட்டடம் நின்றுவிட்டது. மாதா மாதம் தருவதாகச் சொன்ன வாடகை செக்கும் நின்றுவிட்டது. வீட்டுக்காரத் தம்பதி அதே தெருவில் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் வாடகைக்கு. பால்கனியில் உட்கார்ந்தால் சொந்தத் தூண்கள் தெரியும். பெரியவர் 2018-ல் காலமானார். அந்த அம்மாள் கையில் சாவி வந்தது 2020-ல்.

'ரெரா' சட்டம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். அது 2017 மே மாதம் முழுமையாக அமலுக்கு வந்தது. ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாமல் இருந்தாலோ, ஃப்ளாட்கள் எட்டுக்கு மேற்படாமல் இருந்தாலோ அந்தத் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு கிரவுண்டு என்பது ஏறக்குறைய 223 சதுர மீட்டர். ஆக, நங்கநல்லூர் மாதிரி ஒற்றை கிரவுண்டு ஊர்களில் ரெரா பதிவு உங்களுக்குத் துணை வராது. ஒப்பந்தப் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் துணை. தாமதமானால் மாதத்துக்கு எவ்வளவு, வாடகை எத்தனை மாதம், பவர் பத்திரத்தில் எந்த அளவுக்கு அதிகாரம், இதையெல்லாம் உங்கள் வக்கீல் படிக்க வேண்டும். பில்டரின் வக்கீல் அல்ல!

மாமா அன்றைக்கு ராத்திரியே நண்பனுக்குப் போன் செய்து, "நேரா வித்துடறேன்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்தது வரி. 1974-ல் வாங்கிய மனைக்குச் சில ஆயிரம்தான் அசல், மீதியெல்லாம் லாபம் என்று மாமா நடுங்கிக்கொண்டிருந்தார். 2017 பட்ஜெட்டில் அடிப்படை வருஷத்தை 1981-லிருந்து 2001-க்கு மாற்றியிருந்தார்கள். 2001 ஏப்ரல் மதிப்பை அசலாக வைத்து, அதைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக்கொள்ள முடிந்தது. (2024 ஜூலைக்குப் பிறகு விற்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஆடிட்டரிடம் போகவும்.) ஆனால் பெரிசிலிருந்து சின்னதுக்குப் போகிறவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. லாபத்தில் புது வீட்டுக்காகப் போட்ட பணத்துக்குத்தான் விலக்கு. மிஞ்சியதற்கு வரி கட்ட வேண்டும், அல்லது ஆறு மாதத்துக்குள் அதற்கென்று இருக்கிற பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் முழுப் பணத்தையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஜூலையில் முழிக்கிற பெரியவர்கள் உண்டு.

பில்டர் யாரும் கேட்ட விலை தரவில்லை. கடைசியில் மாமரத்தைப் பார்த்து மயங்கிய ஒரு குடும்பம் வந்தது. பாங்க் லோன். மூலப் பத்திரம், வில்லங்கம், பட்டா என்று மூன்று மாதம். 2017 அக்டோபரில் பத்திரம் முடிந்தது. மாமா மனதிலிருந்த 2014 ரேட்டைவிடக் குறைவுதான். அதே மாதம் இரண்டு தெரு தள்ளி, பத்து வருஷப் பழைய கட்டடத்தில் 850 சதுர அடி ஃப்ளாட். அதுவும் பேரம் பேசிக் குறைத்து வாங்கியது. லிஃப்ட் உண்டு. கட்டி முடித்த வீடு என்பதால் ஜி.எஸ்.டி. கிடையாது.

விற்றது சுலபம். காலி செய்ததுதான் கஷ்டம். நாலு ரூம் சாமான் இரண்டு ரூமுக்குள் போக வேண்டும். மூன்று ட்ரங்குப் பெட்டி, ஒரு ஊஞ்சல், ஆட்டுக்கல், பதினாறு பித்தளைத் தவலை, நண்பனின் ஒன்றாம் கிளாஸ் ஸ்லேட்டு. பழைய பாத்திரக் கடைக்காரர் தராசைத் தூக்கியதும் மாமி உள்ளே போய்விட்டாள். மாமா தான் சேர்த்து வைத்திருந்த முப்பது வருஷ மின்சார ரசீதுகளுக்கு ஒரு நல்ல வார்த்தையாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். பேப்பர்காரர் கிலோ என்ன விலையோ அதைத்தான் கொடுத்தார். ஊஞ்சல் பலகை மட்டும் ஃப்ளாட்டுக்கு வந்தது, டைனிங் டேபிளாக. கோலத்துக்கு வாசல் இல்லை. கதவுக்கு வெளியே இரண்டடி இடம். மாமி முதல் மாதம் புள்ளியைக் குறைத்துப் போட்டாள். இரண்டாவது மாதம் பக்கத்து ஃப்ளாட்காரர்கள் தங்கள் இரண்டடியையும் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு சென்னையில் நில விலை ஏறியது உண்மைதான். நண்பன் ஒருமுறை லீவில் வந்தபோது கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சு வருஷம் வெச்சிருந்தா எங்கேயோ போயிருக்கும்ப்பா" என்றான்.

"நானும்தான் எங்கேயோ போயிருப்பேன்" என்றார் மாமா. "அஞ்சு வருஷமா உங்கம்மா ஒரு நாள்கூட வழுக்கி விழலே. அதுக்கு என்ன ரேட்டுன்னு உன் கம்ப்யூட்டர்ல போட்டுச் சொல்லு."

அவன் போடவில்லை.

உங்கள் அப்பா அம்மாவும் இப்படி ஒரு பெரிய வீட்டில் இரண்டு பேராக இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வாருங்கள். கிரவுண்டு என்ன விலை என்பதைப் புரோக்கர்கள் பார்த்துக்கொள்வார்கள். ராத்திரி பூட்ட எத்தனை நிமிஷம் ஆகிறது, எந்தப் படியில் இறங்கும்போது அம்மா சுவரைப் பிடிக்கிறாள் என்பதை நீங்கள் பாருங்கள். பேப்பரும் பேனாவும் அதற்கு அப்புறம் எடுத்தால் போதும்.